உப்பு கரைந்த நீர் எப்போது அமிலம், எப்போது மூலம், எப்போது நடுநிலை: மேசையிலிருந்து கிணறு, வயல்வரை

மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் ஒரு போத்தல் கடல்நீரை அள்ளி, பிஎச் தாளொன்றை நனைத்துப் பாருங்கள். 8ஐ ஒட்டிய பச்சை வரும். பிஎச் என்பது அமிலத்தையும் அதற்கு எதிரான மூலத்தையும் அளக்கும் எண்: 7ஐ ஒட்டினால் நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் மூலம். திறந்த கடலின் பிஎச் ஏறத்தாழ 8.1. கடலில் கரைந்திருப்பதில் பெரும்பங்கு கறியுப்புத்தான். கறியுப்புக் கரைசலோ நடுநிலை. அப்படியென்றால் இந்த மூல இயல்பு எங்கிருந்து வந்தது? ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அதில் 0.14 கிராம் அளவே உள்ள இருகாபனேற்று அயன்தான், சிறிதளவு காபனேற்றோடு சேர்ந்து, இந்த வேலையைச் செய்கிறது. எவ்வளவு உப்பு என்பதைவிட எந்த அயன் என்பதே முக்கியம். உயர்தர மாணவர்கள் பலர் உப்பின் பெயரைப் பார்த்ததும் விடை எழுதப் போய்த் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

தொடங்குமுன்: நடுநிலை என்றால் எத்தனை?

தூய நீரிலும் ஒரு மிகச் சிறிய பங்கு ஐதரோனியம் அயனாகவும் ஐதரொட்சைட்டு அயனாகவும் பிரிந்திருக்கிறது. 25 பாகை செல்சியசில் இவ்விரண்டின் செறிவுகளையும் பெருக்கினால் 1.0 × 10⁻¹⁴ வரும். ஐதரோனியம் மிஞ்சினால் அமிலம், ஐதரொட்சைட்டு மிஞ்சினால் மூலம். இரண்டும் சமமாக இருப்பதே நடுநிலை; அந்த வெப்பநிலையில் அது பிஎச் 7.00. வெப்பம் கூடினால் இந்தப் பெருக்கமும் கூடும். 30 பாகையில் நடுநிலைப் புள்ளி ஏறத்தாழ 6.92, 60 பாகையில் 6.5. மட்டக்களப்பில் பகல் நேர ஆய்வுகூடம் பெரும்பாலும் 30 பாகையை ஒட்டியே இருக்கும். ஆகவே மானி 6.9 காட்டியதும் "அமிலம் கலந்துவிட்டது" என்று கரைசலைக் கொட்டவேண்டியதில்லை.

உப்பு நீரில் விழுந்ததும் நேரேற்றம் கொண்ட கற்றயனும் மறையேற்றம் கொண்ட அன்னயனும் பிரிகின்றன. இவற்றுள் ஏதாவதொன்று நீர் மூலக்கூறோடு புரோத்தனை (ஐதரசன் அயன், H⁺) கொடுத்து வாங்கினால் சமநிலை குலையும். இதுவே உப்பின் நீர்ப்பகுப்பு. இரண்டும் ஒதுங்கி நின்றால் நீர் நடுநிலையிலேயே இருக்கும்.

படி 1: கற்றயனைத் தனியே விசாரியுங்கள்

சோடியம், பொற்றாசியம், இலிதியம், கல்சியம், பேரியம் ஆகியவை நீரில் முழுதாகப் பிரியும் வன்மூலங்களின் கற்றயன்கள். இவை நீரைக் குழப்புவதில்லை. மக்னீசியமும் நடைமுறையில் இவற்றோடு சேர்த்தே எண்ணத்தக்கது.

அமோனியம் அயன் குழப்பும். அது நீருக்கு ஒரு புரோத்தனைக் கொடுத்து அமோனியாவாகிறது, ஐதரோனியம் கூடுகிறது, கரைசல் அமிலமாகிறது.

அலுமினியம், இரும்பு(III) ஆகியவற்றின் கதை சற்று வேறு. இவற்றில் கொடுப்பதற்குப் புரோத்தனே இல்லையே, அமிலம் எப்படி வருகிறது? அலுமினியம் அயன் கரைசலில் தனியே திரிவதில்லை. ஆறு நீர் மூலக்கூறுகளைத் தன்னைச் சுற்றிப் பிடித்து வைத்திருக்கிறது. அயன் சிறியது, ஏற்றமோ மூன்று. பிடித்த நீரின் ஒட்சிசனிலிருந்து இலத்திரன்களை அது தன்பக்கம் இழுப்பதால் அந்த நீரில் உள்ள ஒட்சிசன்–ஐதரசன் பிணைப்பு தளர்கிறது. தளர்ந்த புரோத்தனை வெளியே நிற்கும் இன்னொரு நீர் மூலக்கூறு எடுத்துக்கொள்கிறது. நீரேறிய அலுமினியம் அயனின் அமில மாறிலி (புரோத்தனைக் கொடுக்கும் வலுவின் அளவு) ஏறத்தாழ 10⁻⁵. அதாவது வினாகிரியில் உள்ள அசற்றிக்கமிலத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். இரும்பு(III) அதைவிட நூறு மடங்குக்கு மேல் வலியது.

படி 2: அன்னயனைத் தனியே விசாரியுங்கள்

குளோரைட்டு, புரோமைட்டு, அயடைட்டு, நைத்திரேற்று, பெர்குளோரேற்று ஆகியவை வன்னமிலங்கள் விட்டுப்போன அன்னயன்கள். புரோத்தனைத் திரும்பப் பிடிக்கும் வலு இவற்றுக்கு இல்லை. சல்பேற்றும் ஏறத்தாழ இந்தக் கூட்டமே.

நீரில் சிறிதளவே பிரியும் மென்னமிலத்திலிருந்து வந்த அன்னயன் எதுவாயினும் நீரிடமிருந்து புரோத்தனைப் பறித்து ஐதரொட்சைட்டை விட்டுவைக்கும். அசற்றேற்று, காபனேற்று, பொசுபேற்று, புளோரைட்டு, சயனைட்டு, உபகுளோரைற்று எல்லாம் இப்படித்தான். தாய் அமிலம் எவ்வளவு மெலிதோ அவ்வளவுக்கு அன்னயன் வலிய மூலம்.

பரீட்சைத் தாள்களில் அடிக்கடி வரும் பிழையொன்று: "சோடியம் அசற்றேற்று நீருடன் தாக்கமுற்றுச் சோடியமைதரொட்சைட்டை உண்டாக்குவதால் கரைசல் மூலமாகிறது." அப்படியொரு மூலக்கூறு அந்தக் கரைசலில் எங்கும் உருவாவதில்லை. சோடியம் அயன் தொடக்கத்தில் எப்படி நின்றதோ முடிவிலும் அப்படியே நிற்கிறது. தாக்கமுறுவது அசற்றேற்று மட்டுமே. சமன்பாட்டிலும் அதை மட்டும் எழுதுங்கள்:

அசற்றேற்று அயன் + நீர் ⇌ அசற்றிக்கமிலம் + ஐதரொட்சைட்டு அயன்

படி 3: இரண்டு பதில்களையும் சேருங்கள்

இரண்டும் ஒதுங்கினால் நடுநிலை. கற்றயன் மட்டும் தாக்கமுற்றால் அமிலம். அன்னயன் மட்டும் புரோத்தனை வாங்கித் தாக்கமுற்றால் மூலம். இரண்டும் தாக்கமுறும்போது மாறிலிகளை ஒப்பிட வேண்டும். அமோனியம் அசற்றேற்றில் அமோனியத்தின் அமில மாறிலி 5.6 × 10⁻¹⁰. அசற்றேற்றின் மூல மாறிலியும் 5.6 × 10⁻¹⁰. ஆகவே பிஎச் 7.0. இதை "மென்னமிலமும் மென்மூலமும் சேர்ந்த உப்பு எப்போதும் நடுநிலை" என்று பொதுவிதியாக்கிவிடாதீர்கள். இந்தச் சோடி தற்செயலாகப் பொருந்தியது. அமோனியம் புளோரைட்டு அமிலப் பக்கம் சாயும். அமோனியம் காபனேற்று மூலப் பக்கம் சாயும்.

புரோத்தனைக் கொடுக்கவும் வாங்கவும் வல்ல அன்னயன்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. புரோத்தன் போகும் படிக்கும் வந்த படிக்கும் உரிய அமில மாறிலிகளின் எதிர் மடக்கைகளைக் கூட்டி இரண்டால் வகுத்தால் பிஎச் வரும். இருகாபனேற்றுக்கு 6.35உம் 10.33உம், சராசரி 8.34. செறிவு மிகக் குறையாதவரை இந்த எண் செறிவைப் பொறுத்து மாறாது. இதே வழியில் சோடியம் இருஐதரசன் பொசுபேற்று 4.7, இருசோடியம் ஐதரசன் பொசுபேற்று 9.8. இரண்டும் சோடியம் பொசுபேற்றுகள்தான், ஆனால் ஒன்று அமிலம், மற்றது மூலம்.

கணக்கு ஒன்றை முழுதாக

0.1 மூலர் (ஒரு லீற்றரில் 0.1 மூல்) அமோனியம் குளோரைட்டு. குளோரைட்டு ஒதுங்கிவிடும், அமோனியம் மட்டுமே எஞ்சும். அதன் அமில மாறிலி அட்டவணையில் இல்லையென்றால் அமோனியாவின் மூல மாறிலியான 1.8 × 10⁻⁵ ஆல் 10⁻¹⁴ஐ வகுங்கள்: 5.6 × 10⁻¹⁰. இதைச் செறிவால் பெருக்க 5.6 × 10⁻¹¹. வர்க்கமூலம் 7.5 × 10⁻⁶. அதுவே ஐதரோனியச் செறிவு, பிஎச் 5.1.

இதே உப்பை நூறு மடங்கு ஐதாக்கி 0.001 மூலருக்குக் கொண்டுவந்தால் பிஎச் 6.1 ஆகும். நீர்ப்பகுப்புற்ற பங்கு 0.0075 சதவீதத்திலிருந்து 0.075 சதவீதத்துக்கு ஏறுகிறது, கரைசலோ நடுநிலையை நெருங்குகிறது. பங்கு கூடினாலும் மொத்தம் குறைகிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் இதில் முரண்பாடு இல்லை.

வர்க்கமூலச் சுருக்கம் எல்லா இடத்திலும் செல்லாது. 0.1 மூலர் சோடியம் காபனேற்றின் மூல மாறிலி 2.1 × 10⁻⁴. சுருக்க வழி ஐதரொட்சைட்டை 4.6 × 10⁻³ என்கிறது. இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் 4.5 × 10⁻³. பிஎச் 11.65. இங்கே வித்தியாசம் சிறிது. இரும்பு(III) போன்ற வலிய அயனில் அது பெரிதாகும். அங்கே இருபடியைத் தீர்த்தே ஆகவேண்டும்.

மேசையில் செய்து பார்க்க

முதலில் நீர். கிணற்று நீரும் குழாய் நீரும் இந்தச் சோதனைக்கு ஆகாது. அவற்றில் ஏற்கெனவே இருகாபனேற்று இருக்கிறது. வாகன பற்றரிக்கு விடும் வடிநீர் மலிவாகக் கிடைக்கும், அது போதும். ஆனால் பற்றரி அமிலமும் அதே இராக்கையில், அதே மாதிரிப் போத்தலில் இருக்கும். பெயரொட்டியை இரண்டு முறை வாசியுங்கள். திறந்து வைத்த வடிநீர் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சி பிஎச் 5.6 வரை இறங்கிவிடும். அதை ஐந்து நிமிடம் நன்கு கொதிக்கவிட்டு, மூடி ஆறவையுங்கள். கறியுப்புக் கரைசல் "அமிலம்" என்று வந்த முடிவுகளில் அநேகமானவை இந்த ஒரு வேலையைத் தவிர்த்ததால் வந்தவை.

நிறம் மாறி அமிலத்தையும் மூலத்தையும் காட்டும் சாயத்துக்கு, அதாவது காட்டிக்கு, வேலியில் படர்ந்திருக்கும் நீலச் சங்குப்பூ சிறந்தது. 10 பூவின் இதழ்களை 100 மில்லிலீற்றர் சுடுநீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு வடியுங்கள். நடுநிலையில் நீலம், அமிலம் கூடக்கூட ஊதாவும் பிறகு இளஞ்சிவப்பும், மூலத்தில் பச்சை, வன்மூலத்தில் மஞ்சள். இது ஒரு நாளுக்கு மேல் நிற்காது, அன்றன்று வடித்தெடுங்கள். மூலத்துக்கு மட்டும் என்றால் மஞ்சள் தூள் தடவிய வடிதாள் போதும். பிஎச் 8 தாண்டியபின் செம்பழுப்பாகும்.

ஒவ்வொன்றிலும் 100 மில்லிலீற்றர், 0.1 மூலர் கரைசல் செய்ய வேண்டிய நிறைகள் இவை. 0.01 கிராம் காட்டும் சிறு தராசு தேவை.

- அயடீன் சேர்க்காத கறியுப்பு: 0.58 கிராம்
- அப்பச்சோடா எனப்படும் சோடியம் இருகாபனேற்று: 0.84 கிராம்
- சலவைச் சோடா எனப்படும் சோடியம் காபனேற்றுப் பளிங்கு: 2.86 கிராம் (நீரற்ற தூளானால் 1.06)
- நவச்சாரம் எனப்படும் அமோனியம் குளோரைட்டு: 0.53 கிராம்
- சோடியம் அசற்றேற்றுப் பளிங்கு: 1.36 கிராம்
- பொற்றாசியம் படிகாரம்: 4.74 கிராம்

வெறும் நீர் மட்டும் உள்ள ஏழாவது கிண்ணத்தையும் வையுங்கள். எல்லாவற்றிலும் ஒரே அளவு, 5 மில்லிலீற்றர் பூச்சாயம் விட்டு, வெள்ளைத் தாளின்மேல் வைத்து வெறும் நீரோடு ஒப்பிடுங்கள். கறியுப்பு அதே நீலம். சலவைச் சோடா பச்சையைத் தாண்டி மஞ்சளுக்குப் போகும். அப்பச்சோடாவும் அசற்றேற்றும் நீலத்துக்கும் பச்சைக்கும் இடையில் நிற்கும். நவச்சாரம் உங்களை ஏமாற்றும்: பிஎச் 5 அளவில் பூச்சாயத்தின் மாற்றம் மிக மெல்லியது. அதற்கு அமிலத்தில் சிவக்கும் நீலப் பாசிச்சாயத்தாளையோ பிஎச் தாளையோ பயன்படுத்துங்கள்; தாளை அரை நிமிடம் கரைசலிலேயே விட்டுவையுங்கள். ஐதான உப்புக் கரைசல்களுக்குப் பிஎச்சைப் பிடித்து நிறுத்தும் வலு இல்லை, ஆகவே தாளின் சாயம் மெதுவாகத்தான் மாறும்.

படிகாரத்துக்குப் பூச்சாயத்தை நம்பவேண்டாம். அலுமினியம் அயன் சில பூ, இலை நிறப்பொருள்களோடு தானே பிணைந்து நீலம் தரும். சிவப்புக் கோவாச் சாற்றில் இது நன்றாகத் தெரியும்: கரைசல் அமிலம், நிறமோ மூலத்தைப் போல. பிஎச் தாள் 3க்கும் 4க்கும் இடையில் காட்டும். சரியான விடை அதுதான்.

வினாகிரியில் அப்பச்சோடா போட்டு நுரை நின்றதும் "சோடியம் அசற்றேற்றுத் தயார்" என்று கணக்கிடும் வழக்கமொன்று உண்டு. அதை விட்டுவிடுங்கள். சோடா சற்றுக் கூடினால் நீங்கள் அளப்பது சோடாவின் மூல இயல்பு. வினாகிரி சற்று மிஞ்சினால் அது பிஎச் எளிதில் மாறாத தாங்கற் கரைசலாகி 5ஐ ஒட்டி நின்றுவிடும். இரண்டுமே அசற்றேற்றின் நீர்ப்பகுப்பைக் காட்டா.

இன்னொரு சோதனை வீட்டுக்கு மிக ஏற்றது. அப்பச்சோடாக் கரைசலைச் சாயத்தோடு இரண்டாகப் பிரித்து, ஒன்றை மட்டும் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். சிறு குமிழிகளாகக் காபனீரொட்சைட்டு வெளியேற, இருகாபனேற்றில் ஒரு பகுதி காபனேற்றாகிறது. நீலப்பச்சையாக இருந்தது தெளிவான பச்சையாகும். கொதி சூட்டிலேயே பார்த்தால் பூச்சாயம் வெப்பத்தால் வெளிறியதையும் சேர்த்துத் தவறாகக் கணிப்பீர்கள், ஆறியபின் பாருங்கள். அவிக்கும் கடலையில் சோடா கூடினால் சவர்க்காரச் சுவை வருவதற்கும், மஞ்சள் போட்ட கறி செம்மை தட்டுவதற்கும் காரணம் இதுவே.

மானி பாவிப்போர் அளவிடும் வீச்சின் இருபுறமும் உள்ள தாங்கற் கரைசல்களால் செம்மைப்படுத்துங்கள்: 4.01உம் 7.00உம், மூலத்துக்கு 7.00உம் 10.01உம். மின்வாயை வடிநீரில் ஊறவைக்காதீர்கள்; 3 மூலர் பொற்றாசியம் குளோரைட்டில் வையுங்கள். அதுவும் நீர்ப்பகுப்பு அடையாத உப்பு.

கிணற்றில்: படிகாரமும் குளோரினும்

மட்டக்களப்பின் எழுவான்கரையில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணற்பரப்பில் கிணறுகள் ஆழமற்றவை. மாரியில் வெள்ளம் ஏறி இறங்கியதும் கலங்கல் தெளியப் படிகாரம் போடுவார்கள். அது வேலை செய்வது நீர்ப்பகுப்பால்தான். அலுமினியம் அயன் புரோத்தன்களை இழந்து அலுமினியமைதரொட்சைட்டுத் திரளாகிறது. திரள் சேற்றுத் துணிக்கைகளைப் பிடித்துக்கொண்டு படிகிறது. வெளியேறிய புரோத்தன்களை நீரிலுள்ள இருகாபனேற்று உறிஞ்சிக்கொள்கிறது. இருகாபனேற்று இல்லாத இடத்தில் பிஎச் விழுந்து, திரள் உருவாகாமல், அலுமினியம் கரைந்தபடியே நின்றுவிடும்.

10 கிராம் பொற்றாசியம் படிகாரத்தை ஒரு லீற்றர் நீரில் கரைத்து வையுங்கள். 20 லீற்றர் வாளிக்கு இதிலிருந்து 60 மில்லிலீற்றர், மிகக் கலங்கலானால் 120. ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, பத்து நிமிடம் மெதுவாகக் கலக்கி, அரை மணித்தியாலமாவது அசையாமல் விடுங்கள். வேகமாகவே கலக்கிக்கொண்டிருந்தால் உருவான திரள் உடைந்துவிடும். தேக்கிய மழைநீரில் திரளே வராவிட்டால் படிகாரத்தைக் கூட்டாதீர்கள், அங்கே குறையாக இருப்பது மூல இயல்புதான். 120 மில்லிலீற்றர் அளவுக்குக் கால் கிராம் நீறிய சுண்ணாம்பு போதும். தெளிந்த நீர் கிருமியற்ற நீர் அல்ல; கொதிக்கவையுங்கள் அல்லது குளோரின் இடுங்கள்.

குளோரின் தூளில் உள்ளது கல்சியம் உபகுளோரைற்று. உபகுளோரைற்று மென்னமிலத்தின் அன்னயன் ஆதலால் கரைசல் மூலம். தூளில் உள்ள சுண்ணாம்பு அதை இன்னும் உயர்த்தும். கிருமியை விரைவாகக் கொல்வதோ உபகுளோரைற்று அல்ல, அது புரோத்தன் பெற்று ஆகும் உபகுளோரசமிலம். பிஎச் 7இல் முக்கால் பங்கு அமில வடிவில் இருக்கும், 7.5இல் பாதி, 8.5இல் பத்திலொன்றுக்கும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் பிஎச் 8க்குக் கீழே, 30 நிமிடமாவது விட்டு, லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்கவேண்டும் என்று சொல்வதன் காரணம் இது. சுண்ணாம்பு போட்ட கையோடு குளோரினும் போட்டால் அந்தக் குளோரினின் பெரும்பகுதி வீண்.

குளோரின் தூளைப் படிகாரக் கரைசலோடோ வினாகிரியோடோ ஒரே பாத்திரத்தில் கரைக்கவே கூடாது. குளோரின் வாயு வரும். நவச்சாரம் அல்லது அமோனியம் பசளையோடு கலந்தால் குளோரமீன் வாயு. இரண்டும் நுரையீரலைச் சுடும்.

வயலில்

வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலும் சம்மாந்துறை, அக்கரைப்பற்று வெளிகளிலும் கையாளும் பசளைகளை இதே படிகளால் விசாரிக்கலாம். மியூரியேற்று ஒஃப் பொட்டாஷ் என்பது பொற்றாசியம் குளோரைட்டு: நடுநிலை. அமோனியம் சல்பேற்று: அமிலம். முச்சுப்பர் பொசுபேற்றின் குருணையைச் சுற்றி உருவாகும் நிரம்பிய கரைசல் கடும் அமிலம். இருஅமோனியம் பொசுபேற்றைச் சுற்றி மென்மூலம்.

யூரியா இந்தப் பட்டியலில் சேராது. அது உப்பே அல்ல. கரைந்ததும் நீர் நடுநிலையாகவே இருக்கும். மண்ணிலுள்ள யூரியேசு நொதியம் அதை உடைத்து அமோனியமும் இருகாபனேற்றும் ஆக்கியபின்தான் பிஎச் ஏறுகிறது. தேங்கிய நீரில் பாசி இருந்தால் பகலில் அது காபனீரொட்சைட்டை உறிஞ்சி இன்னும் ஏற்றும். பிஎச் 9.2 அளவில் அமோனியத்தில் பாதி அமோனியாவாகி, காற்றோடு போகத் தயாராக நிற்கும். நீர் ஆழமாக நிற்கையில், உச்சி வெயிலில், காற்று அடிக்கும்போது எறிந்த யூரியாவின் இழப்பு இப்படித்தான். நீரை வடித்துச் சேற்றளவில் விட்டு இட்டு, பிறகு நீர் கட்டினால் யூரியா மண்ணுக்குள் இறங்கும்.

சுண்ணாம்பையும் சாம்பலையும் அமோனியம் பசளையோடு ஒரே வாளியில் கலக்கக்கூடாது என்பதும் இதே காரணத்தால். உறுதிப்படுத்த விரும்பினால் காற்றோட்டமான வெளியில் ஒரு தேக்கரண்டி அமோனியம் சல்பேற்றோடு அதேயளவு வெற்றிலைச் சுண்ணாம்பைச் சிரட்டையில் ஈரமாகக் குழையுங்கள். முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாமல் கையால் விசிறி மணந்து பாருங்கள். மூக்கில் ஏறும் அந்தக் காரமான மணம் அமோனியாவினது. சிரட்டைக்கு மேலே பிடித்த ஈரமான சிவப்புப் பாசிச்சாயத்தாள் நீலமாகிவிடும்.